காரைக்குடி டு நெடுந்தீவு: டிக்கெட் விலையைப் பார்க்காதீங்க, மாறுற இடங்களை எண்ணுங்க!



நாகப்பட்டினத்துல இருந்து இலங்கை காங்கேசன்துறைக்குப் போற பயணிகள் கப்பலோட பேரு என்ன தெரியுமா? "சிவகங்கை". ஆமாங்க, நம்ம மாவட்டத்துப் பேருதான். 2024 ஆகஸ்ட் 16-ல் இருந்து அந்தப் பேர்ல கப்பல் ஓட ஆரம்பிச்சுது.

அதைப் பத்தி வீடியோ போட்டதுக்கு அப்புறம் காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை பக்கத்து நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "ப்ரோ, நெடுந்தீவு போகணும். எப்படிப் போனா சீப்?"

நெடுந்தீவு எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே, பாக் நீரிணையில இருக்கிற ஒரு தட்டையான தீவு. சுமார் 50 சதுர கிலோமீட்டர். சுவர் எல்லாம் பவளக் கல்லை அடுக்கிக் கட்டினது. போர்த்துக்கீசியர், டச்சுக்காரங்க காலத்துல கொண்டு வந்த குதிரைகளோட வழித்தோன்றல்கள் இன்னைக்கும் வெட்டவெளியில திரியுது. ஒரு பெரிய பெருக்க மரம், இடிஞ்ச கோட்டை, பழைய புறாக்கூடு, ஒரு சில தங்கும் வீடுகள், நிறைய காத்து. மால் கிடையாது, கஃபே வரிசை கிடையாது. ரீல்ஸ்ல குதிரையைப் பார்த்துட்டு எல்லாருக்கும் ஆசை வந்துடுது. நியாயமான ஆசைதான்.

ஆனா "எப்படிப் போனா சீப்?"ங்கிறது பாதிக் கேள்வி. முழுக் கேள்வி இது: "திங்கட்கிழமை காலையில என் சீட்ல உட்காரணும்னா, எந்த வழி எனக்கு சீப்?" இந்த ரெண்டாவது பாதியைக் கேட்காம விட்டதாலதான் நிறைய பேர் டிக்கெட்ல ரெண்டாயிரம் மிச்சம் பிடிச்சு, சம்பளத்துல நாலாயிரம் விட்டுட்டு வர்றாங்க. இன்னைக்கு அந்த முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம்.

முதல்ல ஒரு பழைய கதை

காரைக்குடி வழியா ராமேஸ்வரம் போற ரயிலை இன்னும் பெரியவங்க "போட் மெயில்"னுதான் சொல்வாங்க. ஏன் அந்தப் பேரு? 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் தனுஷ்கோடி வரைக்கும் போச்சு. அங்க இறங்கினா கப்பல் நிக்கும். கடலைத் தாண்டினா தலைமன்னார். அங்க இருந்து கொழும்புக்கு ரயில். சென்னையில வாங்கின ஒரே டிக்கெட்ல ரயில், கப்பல், மறுபடியும் ரயில். கொழும்பு செட்டியார் தெருவுல கடை வெச்சிருந்த நம்ம ஊர்க்காரங்களுக்கு அது வெளிநாட்டுப் பயணம் மாதிரியே இருந்திருக்காது. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சது. அதுக்கு அப்புறம் ராமேஸ்வரத்துல இருந்து கொஞ்ச காலம் கப்பல் ஓடுச்சு. எண்பதுகள்ல போர்ச் சூழல்ல அதுவும் நின்னுபோச்சு.

இந்தக் கதையில நமக்கு வேண்டிய பாடம் "ஒரே டிக்கெட்"ங்கிற ரெண்டு வார்த்தை. ஒரே டிக்கெட்னா, ரயில்ல இருந்து கப்பலுக்கு மாறுற இடம் பயணத்தை நடத்துறவங்களோட பொறுப்பு. இன்னைக்கு நீங்க பஸ் டிக்கெட் தனியா, கப்பல் அல்லது ஃப்ளைட் டிக்கெட் தனியா, அந்தப் பக்கம் படகு தனியா வாங்குறீங்க. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல இருக்கிற மாறுற இடம் முழுக்க உங்க பொறுப்பு. பஸ் பஞ்சர் ஆகி ஃப்ளைட் போயிட்டா, பஸ்காரரும் காசு தர மாட்டார், ஏர்லைனும் தராது.

அதனால இந்த மாதிரி ஒதுக்குப்புறமான இடத்துக்குப் போகும்போது கிலோமீட்டரை எண்ணாதீங்க. மாறுற இடத்தை எண்ணுங்க.

நாலு வழி இருக்கு

வழி 1: நாகப்பட்டினம் கப்பல்

காரைக்குடியில இருந்து அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி வழியா நாகப்பட்டினம். பஸ்ல நாலஞ்சு மணி நேரம். திருவாரூர் வரைக்கும் ரயில் பாதையும் இருக்கு. கப்பல் காலையில கிளம்பும், அதனால முதல் நாளே நாகை போய்த் தங்கிடுறது நல்லது. கடல்ல சுமார் நாலு மணி நேரம். காங்கேசன்துறையில இறங்கினா யாழ்ப்பாணம் டவுன் சுமார் 18 கிலோமீட்டர்.

பலம்: இருக்கிறதுலேயே டிக்கெட் விலை பொதுவா இதுலதான் கம்மி. கடல் வழியா போற அனுபவம் போனஸ்.
பலவீனம்: வானிலை. இந்த சேவை முதன்முதல்ல 2023 அக்டோபர் 14-ல் வேற ஒரு கப்பலோட தொடங்கி, ஒரே வாரத்துல பருவமழையால நின்னுச்சு. 2024-லயும் மழைக்காலத்துல நிறுத்தி, 2025 பிப்ரவரியிலதான் மறுபடி ஓட விட்டாங்க. அதனால அக்டோபர் முதல் ஜனவரி வரைக்கும் இந்த வழியை நம்பி லீவு போடாதீங்க. மத்த மாசத்துலயும் கடல் சரியில்லைன்னா ரத்தாகலாம்.

வழி 2: திருச்சி – யாழ்ப்பாணம் ஃப்ளைட்

2025 மார்ச் 30-ல் இண்டிகோ தொடங்கின நேரடி சேவை. சின்ன விமானம், ஒரு மணி நேரப் பயணம், இறங்குறது பலாலி ஏர்போர்ட். நம்ம பக்கத்துக்காரங்களுக்கு ஒரு தனி வசதி: திருச்சி ஏர்போர்ட் புதுக்கோட்டை ரோட்டுலயே இருக்கு. காரைக்குடியில இருந்து புதுக்கோட்டை வழியா போற பஸ் ஏர்போர்ட் பக்கமாத்தான் போகும். திருச்சி டவுனுக்குள்ள போய்த் திரும்பி வர்ற வேலையே இல்ல.

பலம்: மாறுற இடம் ரெண்டே ரெண்டு. தங்க வேண்டிய அவசியம் இல்ல.
பலவீனம்: டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும். பை எடை வரம்பைத் தாண்டினா தனிக் காசு.

வழி 3: சென்னை – யாழ்ப்பாணம் ஃப்ளைட்

இது பழைய வழி. 2019-ல் அலையன்ஸ் ஏர் தொடங்கி, கொரோனாவால நின்னு, 2022 டிசம்பர்ல திரும்ப வந்தது. 2024 செப்டம்பர்ல இண்டிகோவும் சேர்ந்துச்சு. சென்னையில வேலை பார்க்கிறவங்களுக்கு இது முதல் சாய்ஸ். ஆனா காரைக்குடியில இருந்து கிளம்புறவங்க தெற்கே இருக்கிற யாழ்ப்பாணத்துக்குப் போக வடக்கே ஒரு ராத்திரி ரயில்ல போகணும்.

வழி 4: மதுரை அல்லது திருச்சி – கொழும்பு ஃப்ளைட், அங்கிருந்து ரயில் அல்லது பஸ்

கொழும்பு போக ஃப்ளைட் வசதி நல்லாவே இருக்கு. ஆனா கொழும்பு – யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். போகவும் வரவும் ஒவ்வொரு நாள் வழியிலேயே கரையும். கண்டி, எல்ல எல்லாம் சேர்த்து ஒரு வாரம் சுத்துறவங்களுக்கு இது சரி. நெடுந்தீவு மட்டும் போறவங்களுக்கு இது தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற வழி.

இப்போ பேரேட்டை எடுங்க

செட்டிநாட்டுல வட்டிக்கடை வெச்சவங்க வீட்டுல "வழிச்செலவு"ன்னு ஒரு தலைப்பு போட்டு, மாட்டு வண்டிக் கூலியில இருந்து படகுக் கூலி வரைக்கும் எழுதுவாங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. நாமளும் அதையே செய்யலாம். ஒரே வித்தியாசம், நம்ம பேரேட்டுல லீவு நாளையும் செலவா எழுதப் போறோம்.

உதாரணத்துக்கு கைக்கு வர்ற சம்பளம் ரூ.33,000. வேலை நாள் 22. ஒரு நாளோட மதிப்பு ரூ.1,500.

கீழே இருக்கிற கட்டணம் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட எண்கள். நீங்க புக் பண்ற அன்னைக்கு இருக்கிற விலையைப் போட்டு மாத்திக்கோங்க. முக்கியம் எண் இல்ல, முறை. எல்லாமே ஒருத்தருக்கு, போக வர.

கப்பல்: பஸ் 400, நாகையில தங்க, சாப்பிட 1,000, கப்பல் 9,000, அந்தப் பக்கம் டவுனுக்கு 200. மொத்தம் ரூ.10,600. வழியில போற நாள் இரண்டரை.

திருச்சி ஃப்ளைட்: பஸ் 300, ஃப்ளைட் 11,500, பலாலி – டவுன் 300. மொத்தம் ரூ.12,100. வழியில போற நாள் இரண்டு.

சென்னை ஃப்ளைட்: ரயில் 800, சென்னைக்குள்ள 400, ஃப்ளைட் 12,000, பலாலி – டவுன் 300. மொத்தம் ரூ.13,500. வழியில போற நாள் இரண்டரை.

கொழும்பு வழி: பஸ் 300, ஃப்ளைட் 13,000, கொழும்பு – யாழ்ப்பாணம் 1,800, இடையில தங்க, சாப்பிட 1,500. மொத்தம் ரூ.16,600. வழியில போற நாள் மூன்றரை.

இப்போ ஒவ்வொண்ணுலயும் வழியில போற நாளை 1,500-ஆல் பெருக்கிச் சேருங்க:

கப்பல்: 10,600 + 3,750 = ரூ.14,350
திருச்சி: 12,100 + 3,000 = ரூ.15,100
சென்னை: 13,500 + 3,750 = ரூ.17,250
கொழும்பு: 16,600 + 5,250 = ரூ.21,850

கப்பலுக்கும் திருச்சி ஃப்ளைட்டுக்கும் நடுவுல என்ன ஆச்சுன்னு மட்டும் பாருங்க. டிக்கெட்டை மட்டும் பார்த்தா வித்தியாசம் ரூ.2,500. பஸ், ரூம் சேர்த்தா ரூ.1,500. லீவையும் சேர்த்தா ரூ.750. ஒவ்வொரு வரி எழுதும்போதும் அந்த "சீப்" தேய்ஞ்சுகிட்டே வருது.

இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு.

ரத்தானா என்ன ஆகும்?

திரும்பி வர்ற அன்னைக்குக் கப்பல் ஓடலைன்னு வெச்சுக்கோங்க. ஒரு நாள் கூடுதலா தங்கணும். ரூமும் சாப்பாடும் 1,500. ஒரு நாள் லீவு 1,500. ஆக ரூ.3,000.

இது எப்பவும் நடக்காது. ஆனா நாலு பயணத்துல ஒரு தடவை நடக்கும்னு வெச்சா, சராசரியா ஒரு பயணத்துக்கு ரூ.750. மேலே மிச்சம் இருந்த வித்தியாசமும் அதே 750-தான்! அதாவது ரத்தாகிற வாய்ப்பு நாலுல ஒண்ணுக்கு மேல போச்சுன்னா திருச்சி ஃப்ளைட்தான் சீப். நாலுல ஒண்ணுக்குக் கீழ இருந்தா கப்பல் சீப். ஃப்ளைட்டும் ரத்தாகும், அதை மறுக்கல. ஆனா ஃப்ளைட்டை ஏர்லைனே ரத்து பண்ணா மாற்று ஃப்ளைட் அல்லது பணம் திரும்பக் கேட்கிற உரிமை விதிப்படி உங்களுக்கு இருக்கு.

இதோட அர்த்தம் ரொம்ப எளிசு. கடல் அமைதியா இருக்கிற மாசம் கப்பல். மழைக்காலம், மழைக்காலத்துக்குப் பக்கத்து மாசம் ஃப்ளைட். மாசத்தை முடிவு பண்ணாம வழியை முடிவு பண்ணக் கூடாது.

உங்க லீவு என்ன ரகம்?

ஒரே டிக்கெட், ஒரே ஊரு, ஆனா ரெண்டு பேருக்கு ரெண்டு விதமான விடை வரும். காரணம் லீவு. மூணு ரகம் இருக்கு.

முதல் ரகம், வருஷ முடிவுல காலாவதி ஆகிற லீவு. நிறைய கம்பெனியில கேஷுவல் லீவு இப்படித்தான். எடுக்கலைன்னா வீணாப் போயிடும். இந்த லீவோட விலை உங்களுக்குப் பூஜ்யம். அப்போ கப்பலோட ரூ.1,500 லாபம் அப்படியே நிக்கும். ஒரு நாள் ரத்தாகி நின்னாக்கூட கணக்கு சரிக்குச் சரி ஆகும், நஷ்டம் இல்ல. உங்களுக்குக் கப்பல்தான்.

ரெண்டாவது, காசா மாத்திக்கக் கூடிய லீவு. பல இடங்கள்ல இதை அடிப்படைச் சம்பளத்தை வெச்சுக் கணக்குப் போடுவாங்க. அதனால உங்க ஒரு நாள் மதிப்பு 1,500 இல்லாம, அதைவிடக் கம்மியா இருக்கலாம். ஹெச்.ஆர். கிட்ட கேட்டு அந்த எண்ணைப் போடுங்க.

மூணாவது, லீவே இல்ல, எடுத்தா சம்பளம் கட். புதுசா வேலைக்குச் சேர்ந்து புரொபேஷன்ல இருக்கிறவங்க பலருக்கு இதுதான் நிலைமை. சில கம்பெனி மாச சம்பளத்தை 30-ஆல் வகுத்துப் பிடிக்கும், சிலது வேலை நாளால் வகுக்கும். எப்படிப் பிடிச்சாலும், இங்க பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. "சொன்ன தேதிக்கு வரலை"ங்கிற பேரு. புரொபேஷன்ல இருக்கும்போது அந்தப் பேரோட விலையை எந்த எக்ஸெல்லும் காட்டாது. உங்களுக்கு ரூ.750 அதிகம் ஆனாலும் திருச்சி ஃப்ளைட்தான்.

கடைசிப் பத்து கிலோமீட்டர்தான் கஷ்டம்

யாழ்ப்பாணம் போயிட்டா நெடுந்தீவு போன மாதிரின்னு நினைக்காதீங்க. யாழ்ப்பாணம் பஸ் ஸ்டாண்டுல இருந்து புங்குடுதீவு வழியா குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகணும். கடலுக்கு நடுவுல போட்ட பாதையில ஒரு அருமையான பஸ் பயணம், ஒண்ணரை மணி நேரம் வரைக்கும் ஆகும். குறிகட்டுவான்ல இருந்து நெடுந்தீவுக்குப் படகு, சுமார் ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு ஒரு சில தடவைதான் படகு. காலைப் படகைப் பிடிச்சு, மதியத்துக்கு மேல வர்ற கடைசிப் படகுல திரும்பணும். பக்கத்துல இருக்கிற நயினாதீவுக்கும் இதே துறையில இருந்துதான் படகு. அது கால் மணி நேரச் சமாச்சாரம்.

இதுல பணம் பெருசா ஆகாது. பஸ்ஸும் படகும் சில நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும். தீவுக்குள்ள சுத்த ஆட்டோவோ வாடகை சைக்கிளோ. ஆனா நேரம்? முழு நாள். நாலு வழியில எதுல வந்தாலும் இந்தப் பகுதி எல்லாருக்கும் பொது. இங்க தப்பு பண்ணா மேல போட்ட கணக்கு எல்லாம் வீண்.

நமக்கு இது புரியாத விஷயமே இல்ல. யோசிச்சுப் பாருங்க, வெளிநாட்டுல இருந்து கானாடுகாத்தான் அரண்மனை வீடுகளைப் பார்க்க வர்றவங்க என்ன பண்றாங்க? மதுரையோ திருச்சியோ ஃப்ளைட்ல வந்துடுறாங்க. அதுக்கு அப்புறம் காரைக்குடி, அங்க இருந்து கானாடுகாத்தான். ஃப்ளைட்டை விட்டு இறங்கினதுக்கு அப்புறம் உள்ள தூரம் மேப்ல ஒரு விரல்கடைதான். ஆனா கார் ஏற்பாடு பண்ணாம வந்தவங்க பாதி நாளை ரோட்டுலயே விட்டுடுறாங்க. அவங்களுக்கு நம்ம ஊரு எப்படியோ, அப்படித்தான் நமக்கு நெடுந்தீவு.

அதனால ஒரு விதி, இதை எழுதி வெச்சுக்கோங்க: இருக்கிறதுலேயே ஒதுக்குப்புறமான இடத்தைப் பயணத்தோட கடைசி நாள்ல வைக்காதீங்க. ஃப்ளைட் பிடிக்கிற அன்னைக்குக் காலையில தீவுக்குப் போயிட்டு வந்துடலாம்னு பிளான் போட்டா, ஒரு படகு லேட்டானா போதும். ஃப்ளைட் போச்சு, புது டிக்கெட் அன்னைய விலைக்கு, திங்கட்கிழமை சம்பளமும் போச்சு.

திருச்சி வழிக்கு ஒரு மாதிரித் திட்டம்:

வியாழன்: காலை காரைக்குடியில கிளம்பி திருச்சி, ஃப்ளைட், யாழ்ப்பாணம். (லீவு 1)
வெள்ளி: நெடுந்தீவு. காலைப் படகு, கடைசிக்கு முந்தின படகுல திரும்புற மாதிரி. (லீவு 2)
சனி: நயினாதீவு, நல்லூர், யாழ்ப்பாணம் கோட்டை. வெள்ளிக்கிழமை படகு ஓடலைன்னா நெடுந்தீவுக்கு இந்த நாள் கையில இருக்கு.
ஞாயிறு: திரும்புற ஃப்ளைட். ராத்திரி வீடு.

சனிக்கிழமைதான் உங்க இன்ஷூரன்ஸ். அதுக்குத் தனியா பிரீமியம் கிடையாது. புக் பண்றதுக்கு முன்னாடி உங்க நாள்கள்ல ஃப்ளைட் இருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க.

முழு பட்ஜெட்

மேலே சொன்ன திட்டத்துக்கு, ஒருத்தருக்கு:

பயணம்: 12,100
ரூம், மூணு ராத்திரி, ரெண்டு பேர் பங்கு போட்டு: 6,000
சாப்பாடு, நாலு நாள்: 3,600
நெடுந்தீவு நாள் செலவு: 2,000
விசா அனுமதி, டிராவல் இன்ஷூரன்ஸ்: 3,000
அவசரத் தொகை: 3,300
மொத்தம்: ரூ.30,000

பாஸ்போர்ட் இல்லாதவங்க அதைத் தனியா சேர்த்துக்கோங்க. 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு சாதாரண விண்ணப்பம் ரூ.1,500, தட்கல்னா இன்னும் ரூ.2,000. ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிச்சா அந்த 2,000 மிச்சம். ஏற்கனவே இருக்கிறவங்க, பயணத் தேதியில இருந்து குறைஞ்சது ஆறு மாசம் செல்லுபடி இருக்கான்னு பாருங்க. இலங்கைக்கான ஆன்லைன் பயண அனுமதி விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுது. இலங்கை அரசோட அதிகாரப்பூர்வ தளத்துல மட்டும் விண்ணப்பிங்க. தேடினா முதல்ல வர்ற தளம் எல்லாம் அரசுத் தளம் இல்ல.

காசு கசியிற மூணு ஓட்டை

ஒண்ணு, கார்டு. சாதாரண டெபிட், கிரெடிட் கார்டை வெளிநாட்டுல தேய்ச்சா ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5% வரைக்கும், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. சேர்த்தா 4.13%. ரூ.15,000 செலவு பண்ணா சுமார் ரூ.620 சும்மா போகுது. மார்க்கப் இல்லாத கார்டு இருந்தா அதை எடுத்துட்டுப் போங்க. கடையில மெஷின் "இந்திய ரூபாயில கட்டவா?"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லி, இலங்கை ரூபாயிலயே கட்டுங்க. இந்திய ரூபாயில கட்டினா மாத்து விலையை அவங்க போடுவாங்க. 2024 பிப்ரவரியில இருந்து இலங்கையில யுபிஐ ஸ்கேன் வசதியும் வந்திருக்கு. ஆனா தீவுல அதை நம்பாதீங்க. குறிகட்டுவான் பஸ் ஏறும்போதே கையில இலங்கைப் பணம் இருக்கணும்.

ரெண்டு, பேக்கேஜ். டூர் ஆபரேட்டர்கிட்ட வெளிநாட்டு டூர் பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. 2025–26 நிதியாண்டுல ரூ.10 லட்சம் வரைக்கும் 5%-ஆ இருந்துச்சு. அந்த விகிதத்துல ரூ.30,000 பேக்கேஜுக்கு ரூ.1,500. பட்ஜெட்டுக்கு பட்ஜெட் இந்த விகிதம் மாறும், அதனால புக் பண்ற வருஷத்து விகிதத்தைப் பாருங்க. இது செலவு இல்ல, வருமான வரி ரிட்டர்ன் போட்டா திரும்ப வரும். ஆனா "எனக்குத்தான் வரியே இல்லையே"ன்னு ரிட்டர்ன் போடாம விட்டா, அந்தப் பணம் அங்கயேதான் கிடக்கும். டிக்கெட், ரூம் எல்லாம் நீங்களே தனித்தனியா புக் பண்ணா இந்தப் பேக்கேஜ் டிசிஎஸ் வராது.

மூணு, இஎம்ஐ. "இப்போ போங்க, அப்புறம் கட்டுங்க"ன்னு ஆப்ல விளம்பரம் வரும். ரூ.30,000-ஐ 16% வட்டியில 12 மாசத்துக்கு எடுத்தா மாசம் சுமார் ரூ.2,722. வட்டி மட்டும் ரூ.2,660-க்கு மேல. புராசசிங் ஃபீஸ் 2%, அதுக்கு ஜிஎஸ்டி சேர்த்தா இன்னொரு ரூ.708. ஆக சுமார் ரூ.3,370. மேலே அவசரத் தொகைன்னு ரூ.3,300 ஒதுக்கினோமே, ஏறக்குறைய அதே தொகை. அதாவது கடன்ல போறவங்க அவசரத்துக்கு வெச்சிருக்க வேண்டிய பணத்தைக் கிளம்புறதுக்கு முன்னாடியே வட்டியா எழுதிக் கொடுத்துடுறாங்க. அப்புறம் கப்பல் ஓடலைன்னா என்ன பண்ணுவாங்க? கிரெடிட் கார்டு. அதுக்கு ஒரு வட்டி. ஊரு முழுக்க வட்டிக்குக் கொடுத்து வாழ்ந்த மண்ணுல பிறந்துட்டு, குதிரை பார்க்கப் போறதுக்கு வட்டி கட்டணுமா?

மாசம் ரூ.5,000 ஆறு மாசம் ஆர்.டி. போடுங்க. ரூ.30,000 கையில, கொஞ்சம் வட்டி உங்க பக்கம். ஆகஸ்ட்ல ஆரம்பிச்சா பிப்ரவரியில முடியும். 2025-ல் மழைக்காலம் முடிஞ்சு கப்பல் திரும்ப ஓடின மாசமும் அதுதான்.

புக் பண்றதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி

1. நான் போற மாசத்துல கடல் எப்படி இருக்கும்?
2. என் லீவு எந்த ரகம், ஒரு நாளோட விலை எவ்வளவு?
3. எத்தனை இடத்துல மாறணும், ஒவ்வொரு இடத்துலயும் எவ்வளவு நேரம் கையில இருக்கு?
4. ஒரு நாள் மாட்டிக்கிட்டா செலவுக்குப் பணம் தனியா இருக்கா?
5. இன்ஷூரன்ஸ் பாலிசியில வானிலையால வர்ற தாமதமும் கப்பல் பயணமும் சேருமா? "ஃப்ளைட் மட்டும்"னு இருந்தா, கப்பல்ல போறவங்களுக்கு அந்தப் பகுதி உதவாது.

அஞ்சுக்கும் பதில் எழுதிட்டீங்கன்னா எந்த வழின்னு நான் சொல்ல வேண்டியதே இல்ல. உங்க பேரேடே சொல்லிடும். லீவு கையில இருக்கிறவங்களுக்குக் கப்பல், திங்கட்கிழமை கண்டிப்பா வரணும்ங்கிறவங்களுக்குத் திருச்சி, சென்னைவாசிகளுக்குச் சென்னை, ஒரு வாரம் சுத்துறவங்களுக்குக் கொழும்பு.

குதிரைங்க அங்கேயே நூத்துக்கணக்கான வருஷமா நிக்குது. இன்னும் ஆறு மாசம் உங்களுக்காக நிக்கும். முதல் ரூ.5,000-ஐ இந்த மாசச் சம்பளம் வந்த அன்னைக்கே ஆர்.டி.யில போட்டுட்டு, அடுத்த வீடியோவுக்கு வாங்க. சந்திப்போம்!